நெற்றியில் எழுபத்து நான்கு

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டு வரச் சொல்லி நிதானம் என்னை அனுப்பினார். பட்டறை முழுக்கச் சுற்றினேன். ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை.

நிதானம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல, போலீஸ்காரர்கள் வைத்தது. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். துப்பறிவது அவர் தொழில். அவரோடு அலைவதும், அவர் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தொலைப்பதும் என் தொழில். என்னை அதே போலீஸ்காரர்கள் பட்டாசு என்று கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு நேரே கூப்பிடுவது அது மட்டும்தான்.

பட்டறை முதலாளி சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். தினமும் விடிகிற நேரத்தில் அவர்தான் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பாராம். இன்று யாரோ அவருக்கு முன்பே உள்ளே காத்திருந்திருக்கிறார்கள். பின்மண்டை நொறுங்கிப்போயிருந்தது. ஒரு காது இருந்த இடத்தில் இல்லை. இடது கையில் மூன்று விரல்கள் பின்னால் மடங்கியிருந்தன. தடுக்கப் பார்த்திருக்கிறார் பாவம். நான் ரத்தம் பார்க்காதவள் இல்லை. ஆனாலும் கண்ணை அவர் நெற்றிக்கு நகர்த்திக்கொண்டேன்.

நெற்றி மட்டும் சுத்தமாக இருந்தது. அதில் கருநீலமாக ஓர் எண் பதிந்திருந்தது. 74. பக்கத்தில் ஒரு வட்டம்.

"முதல் அடி நெத்தியில, தட்டையா விழுந்திருக்கு. மிச்சம் அடியெல்லாம் விளிம்பால," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆயுதம் என்னன்னு தெரியும். எதுங்கறதுதான் தெரியல. அங்க பாருங்க."

பார்த்தேன். சுவரோரமாக அடுக்கடுக்காக இரும்புக் கைகள். லாரியின் பின்கதவை ஏற்றி இறக்கும் கைகளைச் செய்கிற பட்டறை அது. ஒவ்வொன்றும் என் முன்னங்கை நீளம், ஓங்கினால் ஒரு மாட்டையே சாய்த்துவிடலாம். எல்லாவற்றிலும் புடைப்பாக அதே 74, பக்கத்தில் ஒரு துளை.

"நூறு இருக்கும் போல. எல்லாத்தையும் கழுவி வெச்ச மாதிரி இருக்கே," என்றேன்.

"அதான் மண்டை காயுது," என்றார் இன்ஸ்பெக்டர்.

எங்களை வரவழைத்தவர் முதலாளியம்மா. அலுவலக அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்புறம் அழுதுக்கறேன்," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருக்குப் பின்னால், கம்ப்யூட்டர் மேசையருகே நின்றவள் டிசைனரக்கா. பட்டறையில் கிழவர் முதல் பையன்வரை அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தவள் அவள்தான். கீழுதடு கிழிந்திருந்தது. கழுத்தில் வரிவரியாகச் சிவப்பு.

"என்னக்கா ஆச்சு?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரலாக்கா?"

முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் உட்காரலாம் என்று அதிலிருந்த அவளுடைய துணிப்பையைத் தூக்கினேன். தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. "சோறு கட்டிட்டு வந்தீங்களா, கல்லு கட்டிட்டு வந்தீங்களா?" என்றேன். அவசரமாக வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே நிதானம் அடுக்கிலிருந்து ஓர் இரும்புக் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டாசு, கைய நீட்டு."

நீட்டினேன். எண் இருந்த பக்கத்தை என் முன்னங்கையில் வைத்துத் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார்.

"ஐயோ! சம்பளம் குடுக்கறதே அரைகுறை. இதுல சூடு வேற போடறீங்களா சார்?"

"என்ன பதிஞ்சிருக்குன்னு பாரு."

பார்த்தேன். 74 இல்லை. கண்ணாடியில் தெரிகிற மாதிரி நாலும் ஏழும் திரும்பி, இடம் மாறி நின்றன.

"ரப்பர் ஸ்டாம்ப்புல எழுத்து திரும்பி இருந்தாத்தான் காகிதத்துல நேரா விழும்," என்றார் நிதானம். "செத்தவர் நெத்தியில எண் நேரா இருக்கு. அப்ப அடிச்ச கையில எண் எப்படி இருந்திருக்கணும்?"

"திரும்பி!" என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டார்.

"அப்ப இந்த நூறும் இல்ல. எண்ணைத் திருப்பிப் போட்ட கை ஒண்ணு இங்க இருக்கு. இருக்கா?"

எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. டிசைனரக்காவின் பக்கம்.

வெல்டர் ஒருவர் முன்னால் வந்தார். "இருக்கு சார். ஒண்ணே ஒண்ணு. இதுவரைக்கும் கதவோட இடது பக்கத்துக்கு வர்ற இடது கைதான் செஞ்சோம். நேத்துக் காலைலதான் வலது கைக்கு முதல் மாதிரி வெட்டினாங்க. டிசைனரக்கா இடது கைய அப்படியே கண்ணாடில தெரியற மாதிரி மிரர் பண்ணி வலது கை போட்டிருக்காங்க. எண்ணையும் சேத்து மிரர் பண்ணிட்டாங்க. எல்லார் முன்னாலயும் முதலாளி அதத் தூக்கி அவங்க மேல வீசினாரு. வாயில வராத வார்த்தை எல்லாம் வந்துது."

"அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

வெல்டர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மாவே சொன்னார்: "ஒரு நாள் இதாலயே உங்க மண்டைய உடைக்கிறேன்னு சொன்னா."

எனக்கு நிதானத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. நூறில் ஒன்று என்று இருந்த வழக்கை மூளையைக் கசக்கி ஒன்றில் ஒன்றாக ஆக்கி, அந்த ஒன்றை ஒரு அப்பாவியின் கழுத்தில் மாட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் நேரே போய் அவள் மேசையின் கீழ் இழுப்பறையை இழுத்தார். பழைய துணிக்குள் சுற்றி, அது இருந்தது. இரும்புக் கை. எண் திரும்பியிருந்தது. விளிம்பெல்லாம் ரத்தமும் முடியும்.

அடுத்து நடந்தது ஒரு நொடியில் நடந்தது. யாரோ "கொலைகாரி!" என்று கத்தினார்கள். நாலு பேர் அறைக்குள் பாய்ந்தார்கள். ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து மேசை மேல் மோதினான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். நேற்றுவரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவர்கள். நான் ஒருவனின் முழங்காலை உதைத்து மடக்கினேன், இன்னொருவனின் மூக்கு என் முழங்கையில் வந்து உடைந்தது. அதற்குள் ஒரு ஆள் குறுக்கே விழுந்து அவளை மறைத்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டிய விடுங்கடா! தொட்டீங்க, கொன்னுடுவேன்!"

கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே இரும்பில் வெட்டித் தருகிற சி.என்.சி மெஷினின் ஆபரேட்டர். அவளுடைய கணவன். கழுத்தில் கயிறு கட்டி மெஷின் சாவியைத் தொங்கவிட்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"சார், அவ பூச்சியக்கூட மிதிக்க மாட்டா சார். கம்ப்யூட்டர்ல கோடு போடுவா, அவ்வளவுதான். மெஷின்ல எந்தப் பட்டன் எதுக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. என் சாவிய அவ தொட்டதே இல்ல சார்."

என்ன பாசம் என்று நான்கூட ஒரு கணம் உருகினேன். அவர் கை ஆறுதலாக அவள் தோளில் விழுந்தபோது, அவள் உடம்பு விறைத்ததைப் பார்க்கும்வரை.

கும்பலை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம். உள்ளே நாங்கள் மூவரும் அந்தப் புருஷன் பொண்டாட்டியும் மட்டும். வெளியே கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "வெளிய கூட்டிட்டுப் போனா பிச்சு எறிஞ்சிடுவாங்க. பின்பக்கமா ஜீப்ப வரச் சொல்றேன். விடியக்காலைல எங்கம்மா இருந்த?"

"அக்கா வீட்டுல. ராத்திரியே போயிட்டேன்."

"அக்கா தங்கச்சிக்காகப் பொய் சொல்லாம வேற யாருக்காகச் சொல்லுவா? கைய நீட்டு."

அவள் நீட்டவில்லை. குனிந்து காலடியிலிருந்த துணிப்பையை எடுத்தாள். உள்ளேயிருந்து எடுத்து மேசை மேல் வைத்ததும் மேசையே அதிர்ந்தது. இன்னொரு இரும்புக் கை. எண் திரும்பியிருந்தது. ரத்தம் இல்லை.

"என்னோடது இது," என்றாள். "நேத்து அவர் என் மேல வீசினது. எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்கன்னு பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டேன். இழுப்பறையில இருந்தது எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் அசரவில்லை. "ரெண்டு வெட்டியிருக்க. ஒண்ணுல கொலை, ஒண்ணுல நாடகம்."

நிதானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. கடைசியில் ஆபரேட்டரைப் பார்த்தார்.

"தம்பி, நேத்துக் காலைல வலது கை நீங்கதான வெட்டினீங்க? எத்தன?"

"ஒண்ணுதான் சார்."

"இதுல எது?"

ஆபரேட்டர் இரண்டையும் பார்த்தார். மனைவியையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "மனசு கேக்கல சார். ஆனா பொய் சொல்ல மாட்டேன். ரத்தம் இருக்கே, அதுதான். அந்த இன்னொண்ணு எங்கேருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நான் வெட்டினது எனக்குத் தெரியாதா சார்?"

நிதானம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பட்டாசு, என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு குளிச்சிருக்கு, ஒண்ணு குளிக்கல."

"நாலைப் பாரு."

பார்த்தேன். டிசைனரக்காவின் கையில், துளை நாலின் காலைக் கடித்துத் தின்றிருந்தது. நாலுக்குக் கீழ்ப்பாதிக் கால் இல்லை, நொண்டி நாலு. ரத்தம் படிந்த கையிலோ நாலு முழுக்காலோடு, துளைக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. செத்தவரின் நெற்றியும் நினைவுக்கு வந்தது. அங்கேயும் வட்டத்துக்கும் நாலுக்கும் நடுவில் வெறும் தோல் தெரிந்தது.

"ஏம்மா, ஒரே ஃபைல்தான? எப்படி இப்படி?" என்று டிசைனரக்காவிடம் கேட்டார் நிதானம்.

அவள் இரண்டையும் வெறித்துப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உதட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விசைப்பலகையில் விழுந்தது. வலது கையின் ஃபைலைத் திறந்தாள். திரையில் இரும்புக் கை சுழன்று நின்றது. எண் இன்னும் திரும்பித்தான் இருந்தது. ஆனால் நாலு துளையை விட்டுத் தள்ளி, முழுக்காலோடு நின்றது.

"இந்த ஃபைல நான் நேத்துக் காலைலேருந்து தொடவே இல்ல," என்றாள் மெதுவாக.

"தொடாமயே மாறிடுச்சா? பேய் பிடிச்ச கம்ப்யூட்டரா?" என்றேன்.

"இல்ல. இடது கை தாய் மாதிரி, இது அதோட பிள்ளை. இடது கைய ஒரு தடவதான் வரைவேன். அதை மிரர் பண்ணி, தனிப் பார்ட்டா, தனி ஃபைல்ல வெச்சுக்குவேன். ஆனா ரெண்டுக்கும் நடுவுல லிங்க் இருக்கும். தாய்ல எத மாத்தினாலும் பிள்ளைல தானா மாறிடும். ரெண்டு தடவ திருத்த வேண்டாம்னுதான் அப்படி விடறது. மிரர் பண்றதுக்கு முன்னால தாய்ல துளையப் பெரிசாக்கினேன், அது எண்ணக் கடிக்குதுன்னும் நேத்து முதலாளி கத்தினாரு. இனிமே வெட்டற இடது கைலயும் அதே கோளாறு வராம இருக்கட்டும்னு, மத்தியானம் இடது கை ஃபைல்ல எண்ணத் தள்ளி வெச்சேன். திரும்பின எண்ண அழிச்சு நேரா எழுதற வேலைய இன்னிக்குக் காலைல பண்ணலாம்னு விட்டுட்டேன்."

"ஆக," என்றார் நிதானம், "நேத்துக் காலைல வெட்டினா நாலு நொண்டி. மத்தியானத்துக்கு மேல வெட்டினா நாலுக்குக் கால் முளைச்சிருக்கும். கொன்ன ஆளுக்கு இந்தம்மாவோட தப்புப் பீஸ் வேணும். தேடிப் பாத்தா காணோம், ஏன்னா அது பையில ஏறி அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு. சரி, ராத்திரியோட ராத்திரியா அதே ஃபைல்லேருந்து இன்னொண்ணு வெட்டிக்கலாம்னு நினைச்சான். எண் திரும்பி இருக்கா? இருக்கு. போதும்னு பட்டன அமுக்கிட்டான். பிள்ளை தாயோட சேந்து மாறிட்டது அவனுக்குத் தெரியல."

"இந்தப் பொண்ணே வெட்டியிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர். விடாக்கண்டர்.

"அதுக்கு மெஷின் ஓட்டத் தெரியணும். சாவி வேணும். ரெண்டுமே இவகிட்ட இல்லன்னு கண்ணீரோட சாட்சி சொன்னது யாரு?"

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆபரேட்டர் பக்கம் திரும்பினோம். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. கண்ணில் வேறு ஏதோ இருந்தது.

"நேத்துக் காலைல வெட்டினது இதுதான்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னீங்களே தம்பி, அப்ப அந்த நாலுக்குக் காலே கிடையாது."

டிசைனரக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். இதுவரை அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. "லீவு நாள்ல கள்ளச்சாவி போட்டு இங்க வந்து துப்பாக்கிக்குச் சாமான் வெட்டறார் சார். ரவுடிங்களுக்கு. நேத்து கட்டிலுக்குக் கீழ பாத்தேன், கேட்டேன். கழுத்த நெரிச்சார். அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் முதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். என்னைத் திட்டினவர்தான். ஆனா அவர் பட்டறை, அவருக்குத் தெரியணும் இல்லையா? இப்பவே அவனக் கூப்பிட்டுக் கேக்கறேன், காலைல போலீஸோட பேசிக்கிறேன், நீ பயப்படாதன்னார். நான் சொன்னதாலதான் அவர் செத்தார். வாயத் திறந்தா அக்கா குடும்பத்தையே கொளுத்திடுவேன்னு இன்னிக்கு எல்லார் முன்னாலயும் என் காதுல சொன்னார் சார், அழுதுக்கிட்டே!"

அவள் முடிக்கவில்லை. ஆபரேட்டர் மேசை மேலிருந்த ரத்தக் கையைப் பிடுங்கினான். இனி அவனுக்கு மரியாதை எதற்கு?

முதல் வீச்சில் இன்ஸ்பெக்டரின் தோள் எலும்பு முறிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. அவர் துப்பாக்கியோடு சுவரில் மோதிச் சரிந்தார். இரண்டாவது வீச்சு நிதானத்தின் தலைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேகமாகக் குனிந்ததைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரை சுக்கல் சுக்கலாகச் சிதறியது. நான் அவன் முதுகில் ஏறிக் கழுத்தை வளைத்தேன். அவன் என்னோடு சேர்த்துப் பின்னால் போய் இரும்பு அலமாரியில் மோதினான். என் விலா எலும்பில் ஏதோ ஒன்று படக்கென்றது. இரண்டாம் மோதலில் பிடி விட்டது. தரையில் விழுந்து வாயில் ரத்தத்தைத் துப்பினேன். ஒரு பல்லும் கூடவே போனது. அதற்குக்கூட ஒரு ஜோக் வரவில்லை, அவ்வளவு வலி.

அவன் மனைவியின் முடியைப் பிடித்து இழுத்து மண்டியிட வைத்தான். இரும்புக் கையை ஓங்கினான்.

"ஃபோன் பண்ணிச் சொன்னியா? உன்னோட சாமான்லயே உன்னையும்..."

அவள் கை மேசை விளிம்பைத் தடவியது. தன் இரும்புக் கை அதில் தட்டுப்பட்டது. இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேல் நோக்கி வீசினாள்.

அது தட்டையாகப் போய் அவன் முன்னங்கையில் விழுந்தது. எலும்பு இரண்டாக உடைந்த சத்தம் வெளியே கதவை உதைத்துக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டிருக்க வேண்டும், உதை நின்றுபோயிற்று. அவன் ஊளையிட்டபடி உருண்டான். ரத்தக் கை தரையில் விழுந்து உருண்டு என் காலருகே வந்து நின்றது.

அவள் நிறுத்தவில்லை. எழுந்து அவன் தலைக்கு மேல் நின்று, இரண்டு கையாலும் இரும்பைத் தூக்கினாள். எத்தனை வருட அடி அந்தக் கையில் ஏறியிருந்ததோ தெரியாது. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், தடுக்க எனக்கு மனமில்லை.

"வேண்டாம்மா," என்றார் நிதானம். நாற்காலிக்கு அடியிலிருந்து, வழக்கமான அதே குரலில். "நீ யாருன்னு காட்ட ஒரு அடி போதும். அவன் கையப் பாரு."

மூச்சு வாங்க அப்படியே நின்றாள். இன்ஸ்பெக்டர் தோளைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்து, விழுந்து கிடந்தவனின் சட்டைக் கையை ஒதுக்கினார். உடைந்த முன்னங்கை எங்கள் கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது. வீக்கத்தின் நடுவில் கருநீலமாக, நேராக, 74. ஒட்டினாற்போல் ஒரு வட்டம். அந்த வட்டம் நாலின் காலைத் தின்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார், கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் துணி போர்த்திக் கிடந்த முதலாளியையும் பார்த்தார். அவளுக்கென்று எடுத்த விலங்கை அவன் கையில் மாட்டினார்.

டிசைனரக்கா மெல்ல இரும்பை இறக்கி மேசை மேல் வைத்தாள். குனிந்து அவன் கையை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"இதுதான் சார் என்னோடது," என்றாள்.